மலத்தில் நூல் போல ரத்தம்: தாய்ப்பால் குழந்தையின் குடல் ஒவ்வாமை

ஆறு வாரக் குழந்தை. தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை. நன்றாகக் குடிக்கிறது, தூங்குகிறது, எடையும் ஏறுகிறது. ஒரு நாள் காலையில் துணி மாற்றும்போது மஞ்சள் மலத்தின் மேல் சிவப்பாக ஒரு நூல் தெரிகிறது. பக்கத்திலேயே மூக்குச் சளி மாதிரி வழவழப்பாகக் கொஞ்சம். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: உடம்புச் சூடு, மாந்தம், அம்மா சாப்பிட்ட கத்தரிக்காய், கண் திருஷ்டி.

இதற்கு இருக்கக்கூடிய காரணங்களில் ஒன்று குடல் ஒவ்வாமை. மருத்துவர் சீட்டில் ‘அலர்ஜிக் புரோக்டோகோலைட்டிஸ்’ என்று எழுதுவார். பெருங்குடலின் கடைசிப் பகுதியிலும் மலக்குடலிலும் ஒவ்வாமையால் வரும் அழற்சி என்று பொருள். பெயர்தான் பெரிது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதையொட்டித் தானாகவே போய்விடும். ஆனால் இதற்காக வீட்டில் நடக்கும் ஏற்பாடுகள் பல நேரம் நோயைவிடப் பெரிதாகிவிடுகின்றன. தாய்ப்பாலை நிறுத்துகிறார்கள், டப்பா பாலுக்கு மாறுகிறார்கள், ஏற்கெனவே பத்தியச் சாப்பாடு சாப்பிடும் அம்மாவின் தட்டிலிருந்து இன்னும் பத்துப் பொருளை எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் எடுக்க வேண்டியது அநேகமாக ஒரே ஒரு பொருள்தான். அதையும் சில வாரம் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் செய்வதில்லை.

உள்ளே நடப்பது என்ன

அம்மா குடிக்கும் பசும்பாலின் புரதம் அவர் வயிற்றில் செரித்துவிடும். முழுதாகச் செரிக்காத துணுக்குகள் மிகச் சொற்பமாக ரத்தத்தில் கலந்து, அங்கிருந்து தாய்ப்பாலுக்கும் வந்து சேரும். பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் பசும்பாலில் உண்டு, தாயின் உடல் அதைத் தயாரிப்பதே இல்லை. ஆகவே தாய்ப்பாலில் அது இருந்தால் அம்மாவின் சாப்பாட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஒரு மில்லி பசும்பாலில் அது ஏறக்குறைய 3 மில்லிகிராம். ஒரு மில்லி தாய்ப்பாலில் வெறும் சில நானோகிராம். ஒரு மில்லிகிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். இவ்வளவு சிறிய அளவையும் சில குழந்தைகளின் குடல் அந்நியப் பொருளாக எடுத்துக்கொள்கிறது.

அப்போது ஈசினோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வந்து குவிகின்றன. உட்சுவர் சற்று வீங்கி, தொட்டாலே கசியும் பதத்துக்கு வந்துவிடும். மலம் உரசிப் போகும்போது சிறிது ரத்தமும் சளியும் சேர்ந்து வெளியேறுகின்றன. கசிவு ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே நடப்பதால் ரத்தம் கறுக்காமல் பளிச்சென்று சிவப்பாக இருக்கிறது. சத்தை உறிஞ்சும் வேலை சிறுகுடலுடையது, அதற்கு இதில் பாதிப்பு இல்லை. அதனால்தான் மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் குழந்தை சிரித்துக்கொண்டு எடை கூடுகிறது.

ஒவ்வாமை என்றதும் தோல் தடித்து உதடு வீங்குவதுதான் நினைவுக்கு வரும். சாப்பிட்ட சில நிமிடங்களில் வரும் அந்த வகையை நடத்துவது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். நாம் பேசும் வகையில் ஐஜிஇ-க்கு வேலை இல்லை, செல்கள் மெதுவாக நடத்தும் எதிர்வினை இது. ஆகவே தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் ரத்தத்தில் ஐஜிஇ அளக்கும் சோதனையும் இதைக் காட்டித்தராது. சில லேப்களில் நூறு உணவுகளுக்கு ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்பொருளைப் பார்த்து நீளமான பட்டியல் தருகிறார்கள். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அது எதற்கும் உதவாது, அந்தப் பணத்துக்குக் காய்கறி வாங்கலாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை மலத்தில் தேடும் சோதனையும் இங்கே பயனற்றது. நல்ல ஆரோக்கியமான கைக்குழந்தைகளிலும் அது பாசிட்டிவ் காட்டும்.

லாக்டோஸ் வேறு, பால் புரதம் வேறு

இந்தக் குழப்பம் மெடிக்கல் ஷாப் கவுண்டரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 7 கிராம் இருக்கும், பசும்பாலில் இருப்பதைவிட அதிகம். மார்பகம் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அம்மா ஒரு சொட்டுப் பால்கூடக் குடிக்காவிட்டாலும் அந்த அளவு குறையாது. பிறவியிலேயே லாக்டோஸைச் செரிக்க முடியாத குழந்தைகள் மிக மிக அரிது. அப்படிப் பிறந்த குழந்தைக்கு முதல் நாட்களிலேயே தண்ணீராக வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிடும்.

கடையில் விற்கும் லாக்டோஸ் இல்லாத பாலில் சர்க்கரையைத்தான் உடைத்திருக்கிறார்கள், புரதம் அப்படியே இருக்கிறது. அம்மா அதற்கு மாறுவதால் எந்தப் பயனும் இல்லை. லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் சொட்டு மருந்தைக் குழந்தைக்குக் கொடுப்பதும் இப்படித்தான்: எதிரி ஒருவன், அடி வாங்குவது இன்னொருவன்.

எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் மாற்று ஆகாது. அவற்றின் புரதங்கள் பசும்பால் புரதங்களை அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அவையும் ஒத்துக்கொள்ளாது. நாட்டு மாடு, கலப்பு மாடு, ஏ2 பால் என்ற விவாதத்துக்கும் இதில் இடமில்லை. பீட்டா லாக்டோகுளோபுலின் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஒவ்வாமை என்று முடிவு கட்டுமுன்

முதலில் மலத்தைப் பார்ப்போம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் கடுகு மஞ்சளில், தளதளவென்று, நடுவில் சின்னச் சின்ன வெள்ளை மணிகளோடு இருக்கும். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு ஆறு, எட்டு முறை போனாலும் சரி. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை என்று ஆகி, போகும்போது மலம் இளகலாக இருந்தால் அதுவும் சரி. எப்போதாவது பச்சையாகப் போவது நோயல்ல. சளி பிடித்த குழந்தையும் எச்சில் நிறைய விழுங்கும் குழந்தையும் மலத்தில் கொஞ்சம் சளி காட்டும். இரும்புச் சத்து மருந்து கொடுத்தால் மலம் கரும்பச்சையாகும்.

சிவப்பாகத் தெரிவது ரத்தமேதான் என்றால், அந்தத் துணியைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து போனில் படம் எடுங்கள். மருத்துவரிடம் போகும்போது துணியையே ஒரு கவரில் போட்டு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. “கொஞ்சம் ரத்தம்” என்று சொன்னால் ஒருவருக்குக் குண்டூசித் தலை அளவு, இன்னொருவருக்கு ஒரு ஸ்பூன். படம் பார்த்தால் இந்தக் குழப்பம் இருக்காது.

அடுத்து ஆசனவாயைப் பார்க்க வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை வயிற்றோடு மடக்கி, இரு கட்டை விரலாலும் லேசாக விரித்தால் சிறு வெடிப்பு இருக்கிறதா என்று தெரியும். வெடிப்பிலிருந்து வரும் ரத்தம் மலத்தின் மேல்பரப்பில் கோடாக ஒட்டியிருக்கும், அல்லது துடைக்கும் துணியில் தெரியும். மலத்தோடு கலந்திருக்காது, கூடச் சளியும் வராது.

பிறகு அம்மாவின் மார்புக் காம்பு. காம்பு வெடித்திருந்தால் குழந்தை பாலோடு அம்மாவின் ரத்தத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். அது வாந்தியில் பழுப்பாகவோ மலத்தில் கறுப்பாகவோ வரும். இதைப் பிரித்தறிய ஆப்ட் டெஸ்ட் என்று பழைய, மலிவான சோதனை ஒன்று உண்டு. மாதிரியைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரில் ஒரு சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்ப்பார்கள். அம்மாவின் ரத்தமாக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் மஞ்சள் பழுப்பாக மாறும். பிறந்த குழந்தையின் ஹீமோகுளோபின் காரத்துக்கு மசியாது, இளஞ்சிவப்பாகவே நிற்கும்.

பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசி போட்டதா என்பதையும் டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். வழக்கமான அளவு 1 மில்லிகிராம். தாய்ப்பாலில் வைட்டமின் கே குறைவு. ஊசி விட்டுப்போன குழந்தைக்கு 2 வாரம் முதல் 12 வாரம் வரைகூட ரத்தக்கசிவு வரலாம், மூளைக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து. மூக்கிலோ தொப்புளிலோ ஊசி போட்ட இடத்திலோ ரத்தம் கசிந்தால் அதை ஒவ்வாமைக் கணக்கில் எழுதவே கூடாது.

இன்னொரு கேள்வி வீட்டுப் பெரியவர்களைப் பார்த்து. உண்மையிலேயே தாய்ப்பால் மட்டும்தானா? “ராத்திரி அழுதானேன்னு ரெண்டு சங்கு பசும்பால்ல தண்ணி கலந்து குடுத்தேன்” என்பது பல வீட்டில் மூன்றாவது முறை கேட்டால்தான் வெளியே வரும். குழந்தைக்கு நேராகக் கொடுக்கும் பசும்பாலில், தாய்ப்பால் வழியே வருவதைப்போல லட்சக்கணக்கான மடங்கு புரதம் இருக்கிறது. அதுவே குடலைக் கசிய வைக்கும். உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய் இவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும். அவற்றில் அளவும் சுத்தமும் யார் கையிலும் இல்லை.

பின்வருவன இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள், தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள். ரத்தம் கட்டியாகவோ நிறையவோ வருவது. தார் போலக் கறுப்பு மலம். பச்சை நிற வாந்தி. வயிறு உப்பிக் கல் போல இருப்பது. குழந்தை வெளிறிப்போவது, துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல். கால்களை இழுத்துக்கொண்டு வீறிட்டு அழுது, சற்று ஓய்ந்து, மறுபடி வீறிடுவதோடு சிவப்பு ஜெல்லி போல மலம் போனால் அது குடல் செருகலாக, அதாவது குடலின் ஒரு பகுதி பக்கத்துப் பகுதிக்குள் நுழைந்துகொண்டதாக, இருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

முதல் மருந்து பொறுமை

மேலே சொன்ன ஆபத்து எதுவும் இல்லை, எடை நன்றாக ஏறுகிறது, ரத்தம் எப்போதாவது புள்ளியாகத்தான் வருகிறது என்றால், உணவில் கை வைக்காமல் இரண்டு மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருப்பதும் முறையான வைத்தியம்தான். பின்லாந்தில் மலத்தில் ரத்தம் வந்த 40 கைக்குழந்தைகளை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பால் ஒவ்வாமை உறுதியானது 7 குழந்தைகளுக்கு மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தம் தானாக நின்றது. குடலில் வந்து போகும் வைரஸும், அங்கே இன்னும் நிலைகொள்ளாத கிருமிக் கூட்டமும்கூட இந்தக் காட்சியைக் காட்டிவிடும். இது தெரியாமல், அந்த வாரத்தில் நிறுத்திய உணவுக்கோ கட்டிய தாயத்துக்கோ புகழ் போய்ச் சேர்கிறது.

பொறுத்துப் பார்க்கும் நாட்களில் எடையை விடாமல் கவனிக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரே எடை மெஷினில், துணி இல்லாமல் எடுத்தால் போதும். தினமும் எடுத்தால் பயம்தான் ஏறும். 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

ரத்தம் தினமும் வருகிறது, கூடிக்கொண்டே போகிறது என்றால் ஹீமோகுளோபின் ஒரு முறை பார்த்துவிட்டு, மருத்துவரோடு பேசி, அம்மாவின் உணவிலிருந்து பாலை எடுத்துப் பார்க்கலாம். ஏன் பால் மட்டும் என்றால், இந்த ஒவ்வாமையில் முதல் குற்றவாளி பசும்பால் புரதம்தான். சோயா, முட்டை போன்றவை அதற்கு வெகுதூரம் பின்னால் வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் ரத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. அம்மா மாதக் கணக்கில் சோறும் ரசமுமாகக் காலம் தள்ள வேண்டியதுதான். கத்தரிக்காய், கருவாடு, பலாப்பழம், கிழங்கு இவற்றுக்கும் இந்த ரத்தத்துக்கும் தொடர்பு இல்லை.

பாலில்லாத மூன்று வாரம்

நம் சமையலில் இது ஐரோப்பியச் சமையலைவிட எளிது. இட்லி, தோசை, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மீன் குழம்பு எதிலும் பால் கிடையாது. போக வேண்டியவை காலைக் காபி, மாலை டீ, தயிர், மோர், பன்னீர், வெண்ணெய், பால்கோவா, பாயசம், ஐஸ்கிரீம். காபிக்குப் பதில் சுக்குமல்லிக் காபி, பாயசத்துக்குத் தேங்காய்ப்பால். நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்புதான் என்றாலும், வீட்டில் உருக்கும் நெய்யில் பால் கசடு கொஞ்சம் தங்கும். சோதனை நடக்கும் சில வாரம் அதையும் விட்டுவிட்டால் பிறகு சந்தேகம் வராது.

தவறு நடப்பது பெரும்பாலும் பால் என்று யாரும் நினைக்காத பொருட்களில். பிரசவமான வீட்டில் கட்டாயம் இருக்கும் பூண்டுப் பால் ஒன்று, அதைப் பூண்டுக் குழம்பாக்கிவிடலாம். நெய் ஊற்றிக் கிண்டிய பிரசவ லேகியம் இன்னொன்று. மோர் மிளகாய் மோரில் ஊறியது. ரவா இட்லியில் தயிர். ஹோட்டல் பரோட்டா மாவில் பால் சேர்ப்பவர்கள் உண்டு. குருமாவில் கிரீம். எல்லாவற்றையும்விட அதிகம் கோட்டை விடுவது பாலூட்டும் தாய்மாருக்கென்று வாங்கும் புரோட்டீன் பவுடரில்தான். அம்மா காபியை விட்டுவிட்டுத் தினம் இரண்டு ஸ்பூன் அந்தப் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் முதல் வரியிலேயே பால் புரதம், கூடவே சோயா.

பாக்கெட் வாங்கும்போது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள் கை கொடுக்கும். பால், முட்டை, சோயா, மீன், வேர்க்கடலை, கோதுமை போன்றவை இருந்தால் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வரியில் தனியாகச் சொல்லியாக வேண்டும். பொருட்பட்டியலில் மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசீன், கேசீனேட், பட்டர் என்று எது இருந்தாலும் பால்தான். பிரெட், ரஸ்க், பிஸ்கட் மூன்றிலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேக்கரியில் லேபிள் இல்லாமல் விற்பவற்றை அந்தச் சில வாரம் தொடாமல் இருப்பது நல்லது. மாத்திரைகளில் நிரப்புப் பொருளாகச் சேர்க்கும் லாக்டோஸைப் பற்றிக் கவலைப்பட்டு மருந்தை நிறுத்த வேண்டாம்.

மாமியார் கேட்பார்: “பால் குடிக்காம எப்படிம்மா பால் ஊறும்?” மாடு பாலா குடிக்கிறது என்று திருப்பிக் கேட்கத் தோன்றும், வேண்டாம். குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு ஊறும் என்று சொல்லிப் புரிய வைக்கலாம். ஆனால் அவர் கவலையில் பாதி நியாயம். பாலை எடுத்தால் அதோடு போகும் சத்தை வேறு வழியில் கொண்டுவந்தாக வேண்டும்.

இரண்டு டம்ளர் பால், அதாவது 400 மில்லி, ஏறக்குறைய 480 மில்லிகிராம் கால்சியம் தரும். பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆர்-இன் 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. மோர் ஊற்றாத கேழ்வரகுக் கூழ், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை எல்லாம் உதவும். ஆனால் இவற்றை மட்டும் நம்பி 1200-ஐத் தொடுவது கடினம். அரசுத் திட்டத்தில் பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை தரும் 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரையை நாளுக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்வது நிச்சயமான வழி. இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது.

புரதமும் குறையக் கூடாது. பாலூட்டும் முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 17 கிராம் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

சைவம் மட்டும் சாப்பிடும் தாய்மாருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அவர்களுக்கு வைட்டமின் பி12 கிடைக்கும் ஒரே இயற்கையான வழி பாலும் தயிரும்தான். அதையும் மாதக் கணக்கில் எடுத்துவிட்டால் தாய்ப்பாலில் பி12 வற்றும், அது குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தொடும் விஷயம். மூன்று வாரச் சோதனைக்குப் பயமில்லை. அதைத் தாண்டிப் பாலில்லாமல் இருக்கப்போகிறீர்கள் என்றால் பி12 மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் தாய்ப்பால் ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. அம்மா கடைசியாகப் பால் குடித்த பிறகு, தாய்ப்பாலில் வந்த புரதம் வாரக் கணக்கில் தங்குவதில்லை, ஓரிரு நாளில் போய்விடும். ‘பால் உடம்பை விட்டுப் போக மூன்று வாரம் ஆகும், அதுவரை கறந்து கொட்டுங்கள்’ என்ற அறிவுரை தவறு. நேரம் எடுப்பது புண்ணான குடல்சுவர் ஆறுவதற்குத்தான். ஒவ்வாமை பாலால்தான் என்றால் ரத்தம் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் குறையத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் நின்றுவிடும். சளி அதற்குப் பிறகும் சில நாள் தலை காட்டும். ஆகவே இரண்டாம் நாளே ரத்தம் வந்ததென்று கைவிடவும் வேண்டாம், நான்கு வாரம் கடந்தும் மாறவில்லை என்று இன்னும் நீட்டவும் வேண்டாம்.

திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் சோதனை

ரத்தம் நின்றதும் எல்லோரும் நிம்மதியாகி அப்படியே இருந்துவிடுகிறார்கள். ரத்தம் பாலை நிறுத்தியதால் நின்றதா, தானாக நின்றதா? திரும்பக் கொடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பின்லாந்துக் கணக்கை நினைவில் வைத்தால், தானாக நின்றிருக்கவே நிறைய வாய்ப்பு. சோதிக்காமல் விட்டால், இல்லாத ஒவ்வாமைக்காக அம்மா ஒரு வருஷம் தயிர்சாதம் தொடாமல் இருப்பார். குழந்தைக்கும் ‘பால் அலர்ஜி’ என்ற பெயர் பள்ளிக்கூடம் வரை ஒட்டிக்கொண்டு வரும்.

குழந்தைக்குக் காய்ச்சல், சளி இல்லாத ஒரு வாரமாகத் தேர்ந்தெடுங்கள். அதே வாரத்தில் புது மருந்தோ புது உணவோ வேண்டாம். முதல் நாள் அம்மா கால் டம்ளர் பால் குடிக்கலாம். இரண்டாம், மூன்றாம் நாள் ஒரு டம்ளர். நான்காம் நாளிலிருந்து பழையபடி காபி, தயிர், மோர் எல்லாம். ஒவ்வொரு மலத்தையும் கவனித்து, தேதி போட்டு, ரத்தம் உண்டு அல்லது இல்லை என்று காலண்டரிலேயே குறித்து வையுங்கள். ஒவ்வாமை இருந்தால் பெரும்பாலும் மூன்று நாளுக்குள், சிலருக்கு ஒரு வாரம் கழித்து, ரத்தம் திரும்ப வரும். இரண்டு வாரம் வரை வரவில்லை என்றால் பால் குற்றவாளி இல்லை, தாராளமாகக் குடிக்கலாம்.

ரத்தம் மறுபடி வந்தால் பயப்பட வேண்டாம், நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை. விடை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். பாலை மறுபடி நிறுத்தினால் முன்போலவே அடங்கும். இந்த வகையில் மூச்சுத் திணறலோ அதிர்ச்சியோ வருவதில்லை என்பதால்தான் இதை வீட்டிலேயே செய்யச் சொல்கிறார்கள். குழந்தைக்கு முன்பு தோல் தடிப்பு, முக வீக்கம், அடுக்கடுக்காக வாந்தி என்று ஏதாவது வந்திருந்தால் கணக்கு வேறு. அப்போது மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

பாலைக் கவனமாக நிறுத்தியும் நான்கு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் முதலில் பாலை அம்மாவுக்குத் திருப்பிக் கொடுங்கள். புரோட்டீன் பவுடர் மாதிரி ஏதாவது நழுவியிருந்ததா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, சோயாவையோ முட்டையையோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதா, வேறு நோயைத் தேடுவதா என்று குழந்தைகள் குடல் நிபுணர் முடிவு செய்யட்டும்.

டப்பா பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண டப்பா பால் பசும்பாலில் செய்தது, அதற்கு மாறினால் நிலைமை மோசமாகும். புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்தும், அமினோ அமிலங்களாகவே கொடுத்தும் தயாரிக்கும் விசேஷப் பவுடர்கள் உண்டு, விலை மிக அதிகம். தாய்ப்பால் குடித்து எடை ஏறும் குழந்தைக்கு அவை தேவைப்படுவது அபூர்வம். பால்பவுடரைத் தாய்மாரிடம் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள் சட்டம் இந்தியாவில் தடை செய்திருக்கிறது. யாராவது இலவச டப்பா நீட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே குடும்பத்தில் இரண்டு பேர்

குடல் ஒவ்வாமையில் கடுமையான வகை ஒன்றும் உண்டு, சுருக்கமாக எஃப்பைஸ் என்பார்கள். குழந்தை குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் அடுக்கடுக்காக வாந்தி எடுத்து, வெளிறித் துவண்டுவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் வரை இது வருவது மிக அரிது. டப்பா பாலோ திட உணவோ நேராகக் கொடுக்கத் தொடங்கும்போதுதான் தலைகாட்டும். அரிசிக்கஞ்சிகூட இதைத் தூண்டலாம் என்பது நமக்கு ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எஃப்பைஸ் தூண்டும் உணவுகளில் அரிசி முன்வரிசையில் நிற்கிறது. முதல் தடவை இப்படி ஆனால் உணவு விஷமாகிவிட்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள். இரண்டாவது தடவை அதே உணவுக்கு அதே நேரக் கணக்கில் வரும்போதுதான் புரியும். துவண்ட குழந்தைக்கு நரம்பு வழியே திரவம் ஏற்ற வேண்டியிருக்கும், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

மற்றொன்று சிறுகுடலைத் தாக்கும் வகை. வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, ஏறாத எடை, சில நேரம் கால் வீக்கம். இதுவும் பெரும்பாலும் பசும்பாலோ பவுடர் பாலோ நேராகக் குடிக்கும் குழந்தைகளுக்கே வரும். மலத்தில் ரத்தத்தோடு எடையும் நின்றுவிட்டதென்றால் நாம் இதுவரை பேசிய சாதுவான நோயாக அதை நினைக்கவே கூடாது.

ஆறு மாதத்துக்குப் பிறகு

பால் ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கும் திட உணவு ஆறு மாதம் முடிந்ததும் மற்றவர்களைப் போலவே தொடங்கலாம். கேழ்வரகு, அரிசி, பருப்பு, மசித்த பழம், முட்டை எதையும் பயந்து தள்ளிப்போட வேண்டாம். வேர்க்கடலையை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும், நைசாக அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம். தடுப்பூசிகளும் அட்டவணைப்படியே நடக்கட்டும்.

9 முதல் 12 மாதத்துக்குள், அல்லது பாலை நிறுத்தி ஆறு மாதம் ஆனதும், மறுபடி முயல வேண்டும். முதலில் அம்மா ஒரு வாரம் வழக்கம்போலப் பாலும் தயிரும் சாப்பிடுவார். மலம் சுத்தமாக இருந்தால் குழந்தைக்கு, பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டில் ஒரு துண்டு, கஞ்சியில் ஊற வைத்து. சூட்டில் வெந்த புரதத்தின் உருவம் சற்றுக் குலைந்திருப்பதால் குடல் அதை எளிதில் ஏற்கும். மூன்று நாள் கழித்து மசித்த சோற்றில் ஒரு ஸ்பூன் தயிர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நடுவில் ரத்தம் வந்தால் அந்தப் படியிலேயே நிறுத்தி, இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி பிஸ்கட் துண்டிலிருந்து தொடங்கலாம்.